உப்பு பூத்த நிலத்தில் மீண்டும் தென்னை வைக்கலாமா?

ஈசூன்வாசி:
வேதாரண்யத்துக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னைகள் ஏறக்குறைய எல்லாம் சாய்ந்துவிட்டன. அதன்பின் தம்பி சம்பா நெல் போட்டு வருகிறார். சென்ற விடுமுறையில் போனபோது வரப்போரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நாற்றின் நுனிகள் கருகியிருந்தன. இரண்டு முறை ஜிப்சம் போட்டும் குணம் தெரியவில்லை, உரக்கடைக்காரரோ மூன்றாம் முறையும் போடச் சொல்கிறார். சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: தென்னைக்கே திரும்பலாமா, அல்லது வெள்ளத்தைத் தாங்கும் புதிய நெல் ரகங்களை நம்பலாமா? இங்கே உருவான தெமாசெக் அரிசியின் விதையைக் கொண்டுபோக முடியுமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
ஐயா, மூன்றாம் முறை ஜிப்சம் வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்திருக்கும் களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் மருந்து. கடல்நீர் ஏறி வெள்ளை பூக்கும் உவர் நிலத்தில் உப்பை நல்ல தண்ணீரால் கரைத்து வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வயலிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: களர் நிலத்தில் தேங்கும் மழைநீர் நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும், உவர் நிலத்திலோ விரைவில் தெளிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்புயர்த்தித் தேக்கிப் பின் வடித்துவிட வேண்டும். வடிகால் அடைபட்டிருந்தால், கரைந்த உப்பு கோடையில் மறுபடி மேலே வந்துவிடும். விதையை அனுமதிப் பத்திரமும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

தேக்கா நண்பர்:
நெல் ரகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வர்ணா நெல்லில் வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. நம் டெல்டாவுக்குப் பழக்கமான சி.ஆர். 1009-க்கும் அதே மரபணுவைச் சேர்த்த சப்-1 வடிவம் உண்டு. முழுக்க மூழ்கினால் பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சேமிப்பைச் செலவிடாமல் இருக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் அது உப்புக்கான மருந்தல்ல. வாரக்கணக்கில் இடுப்பளவு நிற்கும் தண்ணீருக்கும் அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விதையை விற்கிறார்கள் என்பது என் வருத்தம். உவருக்குக் குழியடிச்சான் போன்ற நம் பழைய ரகங்களைச் சிறு பாத்தியில் ஒரு போகம் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

முத்துப்பேட்டைக்காரர்:
தென்னையை முழுதாகக் கைவிட வேண்டாம், ஆனால் நான்கு ஏக்கரும் தென்னையாக இருந்ததுதான் அன்று உங்களைச் சாய்த்தது. மேட்டுப் பகுதியில் கொஞ்சம் வைத்து, கடல்காற்று வரும் பக்கம் சவுக்கு வரிசை போடுங்கள். எங்கள் ஊர் அலையாத்திக் காட்டில், மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்துபோக வழி செய்த பிறகே நட்ட கன்று பிழைத்தது. தண்ணீர் போக வழியில்லாத இடத்தில் எதை நட்டாலும் வீண்.

ஈசூன்வாசி:
நேற்றிரவு தம்பியிடம் பேசினேன். எங்கள் வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதாம். அது கீழே இன்னும் மூன்று பேர் நிலத்தின் ஓரமாகப் போகிறது. தென்னங்கன்றுக்கு ஒதுக்கிய பணத்தை, அவர்கள் சம்மதித்தால், தூர்வாருவதற்கு அனுப்புகிறேன். அதில் ஒருவருடன் எங்களுக்கு வரப்புத் தகராறு உண்டு. அதுதான் முதலில் தீர வேண்டும்.