டேப்பைத் திறந்தால் பீர் சீறிக்கொண்டு வருகிறது, கிளாஸில் முக்கால்வாசி நுரை

புதுக்குழாய்:
வணக்கம். வீட்டில் ஒரு டேப் உள்ள கெஜரேட்டர் (பீர் கெக்கைக் குளிர வைத்து ஊற்றும் ஃபிரிட்ஜ்), உள்ளே 19 லிட்டர் கார்னி கெக், அதாவது பீர் நிரப்பும் உலோகப் பீப்பாய். டேப்பைத் திறந்த உடனே பீர் சீறிக்கொண்டு வந்து விழுகிறது, கண் மூடித் திறப்பதற்குள் கிளாஸ் நிறைந்துவிடும், ஆனால் நிறைவது பெரும்பாலும் நுரைதான். கொஞ்ச நேரம் காத்திருந்து அடங்கிய பிறகு பார்த்தால் அடியில் நாலு வாய் பீர். வாயு ரெகுலேட்டரில் அழுத்தம் 12 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன், ஃபிரிட்ஜ் டிஸ்ப்ளே 3 டிகிரி காட்டுகிறது. அழுத்தத்தை 4க்கு இறக்கியும் பார்த்தாயிற்று, வேகம் குறைந்தது, நுரை குறையவில்லை, போதாக்குறைக்கு போகப்போக பீரே சப்பென்று ஆகிவிட்டது. மறுபடி 12க்கே ஏற்றிவிட்டேன். லைன் (கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் குழாய்) பெட்டியோடு வந்ததுதான், 5 அடி இருக்கும். எங்கே கை வைப்பது?

மெதுவா_ஊத்து:
எங்கே வேண்டுமானாலும் கை வையுங்கள், ரெகுலேட்டரில் மட்டும் வேண்டாம். 3 டிகிரியில் 12 பிஎஸ்ஐ என்றால் பீரில் சுமார் 2.5 வால்யூம் (பீரின் கன அளவைப் போல இரண்டரை மடங்கு) கார்பன் டை ஆக்சைடு கரைந்து நிற்கும், ஏல், லாகர் போன்ற சாதாரண பீர் வகைகளுக்கு அது சரியான அளவு. நீங்கள் 4க்கு இறக்கியதும் அவ்வளவு வாயுவைப் பீருக்குள் அடக்கி வைக்க அந்த அழுத்தம் பத்தாது, லைனுக்குள்ளேயே குமிழ் குமிழாகப் பிரிய ஆரம்பித்துவிடும், அதாவது டேப்புக்கு வந்து சேரும் முன்பே நுரை தயார். சப்பென்று ஆனதற்கும் அதே காரணம்தான்.

நுரை மட்டும் என்றால் பத்துக் காரணம் சொல்லலாம். நுரையும் வேகமும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் லைன் மேல். கெக்கிலிருந்து தள்ளுகிற அழுத்தத்தை வழியிலேயே உராய்வு தின்று தீர்த்துவிட வேண்டும், டேப் முனையில் பீர் சோம்பலாக வந்து விழ வேண்டும். அதற்கு 5 அடி காணாது. 3/16 அங்குல வினைல் குழாய் 12 அடி வாங்கிப் போடுங்கள். அப்புறம், இப்போது இருப்பது எந்த அளவு என்று குழாய் மேல் அச்சடித்திருப்பதைப் பாருங்கள், உள்விட்டம்தான் முக்கியம். அது 1/4 அங்குலமாக இருந்தால் கேள்வியே வேண்டாம், மாற்றியே ஆகவேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் எடுத்தவுடன் லைனை நீட்டச் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. 3/16 வினைலுக்கு அட்டவணையில் அடிக்கு 3 பிஎஸ்ஐ தடை என்று போட்டிருக்கிறது. கெக்கின் நடுவிலிருந்து டேப்புக்கு 2 அடி உயரம் என்றால் அதற்கு 1 பிஎஸ்ஐ கழித்துவிட்டு மீதி 11, அதை 3ஆல் வகுத்தால் 4 அடிகூட வரவில்லை. கணக்குப்படி அவருடைய 5 அடியே தாராளம். எனக்கென்னவோ டவர் (ஃபிரிட்ஜ் மேல் டேப்பைத் தாங்கி நிற்கும் தூண்) சூடாக இருக்கிறது என்று தோன்றுகிறது. முதல் கிளாஸ் மட்டும் நுரைக்கிறதா, ஊற்ற ஊற்ற எல்லாமே இப்படியா?

புதுக்குழாய்:
லைனில் 3/16 என்றுதான் இருக்கிறது. முதல் கிளாஸ் படுமோசம், உடனே அடுத்தது ஊற்றினால் கொஞ்சம் தேவலை, ஆனால் வேகம் அப்படியேதான். இன்னொன்று, கெக் பக்கம் லைன் தெளிவாக இருக்கிறது, மேலே டவருக்குள் நுழைகிற இடத்தில்தான் குமிழ்கள் சேர்ந்து நிற்கின்றன.

மெதுவா_ஊத்து:
கணக்குப்பிள்ளை, அந்த 3 என்பது பீர் விற்கும் பார்களுக்குப் போட்ட எண். நிமிடத்துக்கு ஒரு அமெரிக்க கேலன், அதாவது விநாடிக்கு 60 மில்லிக்குக் கொஞ்சம் மேல் ஓடும்போது இருக்கும் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில்கூட நடைமுறையில் 3 வருவதில்லை, 2ஐத் தொட்டாலே பெரிய விஷயம். உராய்வு வேகத்தோடு ஏறி இறங்குகிற சமாசாரம், அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வகுத்தால் ஏமாற்றும். தவிர பல பார்களில் டேப் வரைக்கும் கிளைகால் என்ற குளிர்ந்த திரவத்தை ஓட்டி லைனைக் குளிர வைத்திருப்பார்கள், பீரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே டேப் அறைச் சூட்டுக்கு வந்துவிடுகிறது, அதனால் இன்னும் மெதுவாக ஊற்றினால்தான் சரிவரும். அரை லிட்டர் நிரம்ப 10 விநாடியாவது எடுக்கட்டும். லைன் நீளமாக இருந்தால் இரண்டு விநாடி கூடுதலாக நிற்கப் போகிறீர்கள், வேறென்ன நஷ்டம்? அதிகம் என்று பட்டால் ஒவ்வொரு அடியாக வெட்டிக்கொள்ளலாம்.

ஓரிங்:
இரண்டு பேர் சொல்வதும் இவருக்குப் பொருந்துகிறது. வேகத்துக்குக் காரணம் லைன், முதல் கிளாஸ் மோசமாக இருப்பதற்குக் காரணம் டவர். குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொன்னது நல்லதாயிற்று. கெக் பக்கமே குமிழ் கிளம்பினால் டிப் ட்யூபின் (கெக்கின் அடியிலிருந்து பீரை எடுக்கும் குழாய்) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையோ, கெக்கோடு லைனை மாட்டும் டிஸ்கனெக்டையோ சந்தேகப்பட்டிருப்பேன், மேலே மட்டும் என்றால் அது சூடுதான்.

ஃபிரிட்ஜ் டிஸ்ப்ளேயை நம்பாதீர்கள். அது சென்சார் இருக்கும் மூலையில் காற்று எப்படி இருக்கிறது என்று சொல்கிறது, பீர் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தொடர்ந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, இரண்டிலும் ஊற்றிய உடனே தெர்மாமீட்டரை விடுங்கள். முதலாவது நாலைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் டவருக்குள் சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று வைத்து, கீழே இருக்கும் குளிர்காற்றை ஒரு பைப் வழியாக டேப்பின் பின்பக்கம் வரை ஏற்றிவிடுங்கள். டவருக்கு வெறும் ஃபோம் சுற்றுவது உதவும், ஆனால் உள்ளே குளிர் ஏறவில்லை என்றால் என்னதான் சுற்றினாலும் கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும்.

லைன் மாற்றும்போது ஒரு விஷயம். வினைல் குழாய் பார்பில் (குழாய் மாட்டும் வளையம் வளையமான முனை) லேசில் ஏறாது, கை வலிக்கும். முனையை ஒரு கப் வெந்நீரில் முக்கி வைத்து, நெகிழ்ந்ததும் எடுத்து முறுக்காமல் நேராகத் தள்ளுங்கள், கடைசி வளையம் வரை போகும். சூடு ஆறுவதற்குள் கிளாம்ப் போட்டுவிட வேண்டும். மிச்ச லைனைக் கண்டபடி தொங்க விடாமல் கெக்கின் தலைமேல் வட்டமாகச் சுற்றிப் படுக்க வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, அந்த 3 என்பது பார்களுக்கான கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கெக்கை முதலில் எப்படி கார்பனேட் செய்தார், அதாவது பீரில் வாயுவை எப்படி ஏற்றினார் என்று யாருமே கேட்கவில்லையே! 30 பிஎஸ்ஐயில் வைத்து உருட்டி அவசரமாக ஏற்றியிருந்தால், இப்போது 12 காட்டினாலும் உள்ளே அதைவிட நிறைய இருக்கும். வாயு இணைப்பைக் கழற்றிவிட்டு, ரிலீஃப் வால்வை இழுத்து விடுங்கள், சில மணி நேரம் கழித்துத் திரும்ப இழுங்கள், இப்படி ஒரு நாள் செய்தால் இறங்கிவிடும். லைன் மாற்ற மனமில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோல் டேப்பும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் ஓட்டம் குறையும்.

ஓரிங்:
ஃப்ளோ கன்ட்ரோல் நல்ல பொருள்தான், ஆனால் சூடான டவர்மேல் அதை மாட்டினாலும் முதல் கிளாஸ் நுரைக்கத்தான் செய்யும். சாதாரண டேப்பில் அதைப் பார்த்துவிட்டு கைப்பிடியைப் பாதி மட்டும் திறந்து ஊற்றுகிறவர்களும் உண்டு, அது நுரையைக் கூட்டும். முழுசாகத் திற, முழுசாக மூடு.

புதுக்குழாய்:
அவசர கார்பனேஷன் செய்யவில்லை, ஆரம்பத்திலிருந்தே 12தான். லைனும் ஃபேனும் வாங்குகிறேன். 4 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் புஷ்-ஃபிட் குழாய் (இணைப்பில் அழுத்திச் செருகினாலே பிடித்துக்கொள்வது) என்று ஒன்று பார்த்தேன், அதற்கும் 12 அடி போடணுமா?

மெதுவா_ஊத்து:
வேண்டாம். 3/16 என்பது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர், இது அதைவிடக் குறுகல், தடை அதிகம். 8 அடியில் ஆரம்பியுங்கள். புஷ்-ஃபிட்டுக்கு முனையை நேர்கோணமாக வெட்டணும், கத்தரிக்கோலால் நசுக்கினால் ஒழுகும்.