ஐவாபிரடின் எடுக்கும் அப்பாவுக்குக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, நிறுத்தலாமா?

நெல்லைவாசி (கேள்வி)

அப்பாவுக்கு 66 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். அதற்கப்புறம் எடுத்த எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு (இ.எஃப்.) 32 சதவீதம்தான் இருந்தது. மெட்டோப்ரோலால் 25 மி.கி. ஆரம்பித்து 50க்கு ஏற்றினார்கள், ஆனால் பிபி 95க்கும் கீழே போய் எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார், மறுபடி 25க்கே இறக்கிவிட்டார்கள். நாடி மட்டும் 84, 86லேயே நின்றது. அதனால் இதய மருத்துவர் ஐவாபிரடின் 5 மி.கி. காலையும் இரவும் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி எழுதினார். இப்போது நாடி 60, 62. மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

பிரச்சினை கண்ணில். விடியற்காலையில் எழுந்து பாத்ரூம் லைட்டைப் போட்டால் பார்வையின் ஓரத்தில் பளீர் என்று ஒரு வெளிச்சம் வந்து சில நொடிகளில் மறைகிறதாம். டியூப்லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறார். பெரியப்பா வேறு, நாடி 60க்கு இறங்குவது நல்லதில்லை, இதயம் நின்றுவிடும் என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நேற்று ராத்திரி மாத்திரையைத் தொடவில்லை. கேட்டால், கண்ணு போயிட்டா நீயா பார்த்துக்குவ என்கிறார். அடுத்த செக்கப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இது அந்த மருந்தால்தானா? செக்கப் வரைக்கும் நிறுத்தி வைக்கலாமா? அப்புறம், இதுவே நாடியைக் குறைக்கிறது என்றால் மெட்டோப்ரோலால் எதற்கு, இரண்டில் ஒன்று போதாதா?

மருந்துக்கடை அண்ணாச்சி

தம்பி, முதலில் அப்பாவை இன்றைக்கு மாத்திரையை எடுக்கச் சொல்லுங்கள், நிறுத்துவதா வேண்டாமா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூன்று வாரம் காத்திருக்கத் தேவையில்லை, அவர் கிளினிக்குக்கு இன்றே போன் போட்டு இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் வெளிச்சம் இந்த மருந்துக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. நூறு பேரில் 14, 15 பேருக்கு வரும் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் ஆரம்பிக்கும், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போதுதான் அதிகம் தெரியும், பாத்ரூம் லைட் சரியாக அந்த இடம். இதயத்தில் இந்த மருந்து அடைக்கிற, செல்லுக்குள் மின்னோட்டம் நுழையும் வாயில் மாதிரியே ஒன்று விழித்திரையிலும் இருக்கிறது, அதையும் இது கொஞ்சம் தொடுவதால்தான் இப்படி. கண்ணைக் கெடுப்பதில்லை. முக்கால்வாசிப் பேருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே தானாகப் போய்விடும், இதற்காக மாத்திரையையே விட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் ராத்திரி பைக், கார் ஓட்டுவதைக் கொஞ்ச நாள் விட்டுவிடச் சொல்லுங்கள், எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டாலும் இது வரும்.

எல்லா வெளிச்சத்தையும் மருந்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. ஒரே கண்ணில் மட்டும் மின்னல் மாதிரி வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, திரை இறங்கியது போல ஒரு பக்கம் மறைவது, இதில் ஏதாவது இருந்தால் அது விழித்திரை கிழிவதாக இருக்கலாம். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடையில் நிற்பவனாக எனக்கு அதைவிடப் பெரிய கவலை மற்ற மாத்திரைகள்தான். சளி, இருமல் என்று வேறு கிளினிக்குக்குப் போய் கிளாரித்ரோமைசின் எழுதி வாங்கி வருவார்கள், படர்தாமரைக்கு இட்ரகோனசோல் வாங்குவார்கள். இரண்டுமே இதனோடு சேரக் கூடாது, ஐவாபிரடின் உடம்பில் பல மடங்கு ஏறிவிடும். பிபி, நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற டில்டியாசெம், வெரபமில் சேர்ந்தாலும் நாடி அளவுக்கு மேல் இறங்கும். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறும் கூடாது. நம் ஊரில் அதை யார் குடிக்கிறார்கள் என்பீர்கள், பம்பளிமாஸ் அதே இனம்தான், அதையும் ஒதுக்கிவிடுவது நல்லது என்பேன்.

மலைக்கோட்டை

எனக்கு நெஞ்சுவலிக்கு இதே மாத்திரைதான். ஆஸ்துமா இருப்பதால் மெட்டோப்ரோலால் வகை ஒத்துவரவில்லை. எனக்கும் வெளிச்சம் வந்தது, ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருக்கிற பல்பு இரண்டு மூன்றாகத் தெரிந்து கலையும். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, இப்போது அது இல்லை. அப்பாவுக்கு முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு கலக்கம் வந்திருக்காது தம்பி. படுத்திருந்து எழும்போது அறையில் ஒரு சின்ன விளக்கு எரிய விடுங்கள், சட்டென்று கண் கூசாமல் இருக்கும்.

பொதுமருத்துவன்

அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. மெட்டோப்ரோலால் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டில் பலர் இந்த இடத்தில்தான் தாங்களே ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முனை என்று ஒரு சின்ன இடம், ஒவ்வொரு துடிப்பும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐவாபிரடின் அந்த முனையில் ஓடும் ஒரு மின்னோட்டத்தை மட்டும் மெதுவாக்குகிறது. பிபியைக் குறைப்பதில்லை, இதயம் சுருங்கும் பலத்தையும் குறைப்பதில்லை. உங்கள் அப்பா மாதிரி பிபி தாங்காதவருக்கு இதைக் கொடுப்பது அதனால்தான். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீளும், இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் போய்ச் சேருகிறது. நெஞ்சுவலி குறைவதும் இதனால்தான்.

மெட்டோப்ரோலால் வேறு வேலை செய்கிறது. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுக்கிறது. பம்ப் பலவீனமானவர்களின் ஆயுளை நீட்டுகிறது என்று உறுதியாக நிரூபிக்கப்பட்டது அந்த வகையில் உள்ள சில மருந்துகள்தான், மெட்டோப்ரோலாலின் நீடித்து வேலை செய்யும் வடிவம் அதில் ஒன்று. 2010இல் வந்த ஷிஃப்ட் ஆய்வில் 37 நாடுகளில் 6,500க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே, நாடி 70 அல்லது அதற்கு மேலே. ஐவாபிரடின் சேர்த்தவர்களுக்கு இதயநோயால் மரணம் அல்லது இதயச் செயலிழப்பு (பம்ப் பலவீனமாவது) முற்றி ஆஸ்பத்திரியில் சேருவது, இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 18 சதவீதம் குறைந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் பீட்டா பிளாக்கரையும் (மெட்டோப்ரோலால் வகை மருந்து) எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக ஐவாபிரடின் அதன் மேல் சேர்ப்பது, அதற்குப் பதிலாக அல்ல. 25 மி.கி. என்றாலும் அது இருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு என் நாடியும் 85தான், எனக்கும் வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2014இல் வந்த சிக்னிஃபை ஆய்வில், ரத்தக்குழாய் அடைப்பு இருந்தும் இதயச் செயலிழப்பு இல்லாத 19,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை, நெஞ்சுவலி அதிகம் இருந்த பிரிவினருக்கு ஆபத்து சற்றுக் கூடவே செய்தது. அதிலிருந்து ஐரோப்பாவில் விதியை இறுக்கினார்கள்: நெஞ்சுவலிக்கு என்றால் நாடி 70க்குக் கீழே இருப்பவருக்கு ஆரம்பிக்கவே கூடாது, 7.5 மி.கி. இரண்டு வேளைக்கு மேல் போகக் கூடாது.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள், 60 என்பது இந்த மருந்தில் நாங்கள் எதிர்பார்க்கும் எண்தான். ஓய்வாக இருக்கும்போது 50க்குக் கீழே தொடர்ந்து போனாலோ, மயக்கம், தலைச்சுற்றல், அசதி இருந்தாலோ அளவைக் குறைப்போம், அப்படியும் ஏறாவிட்டால் நிறுத்துவோம். மயங்கி விழுந்தால் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

எண்ணைவிட நான் அதிகம் கவனிப்பது ஒழுங்கு. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு முழு நிமிடம் பாருங்கள். ஒரே சீராக அடிக்கிறதா, இல்லை தாறுமாறாக ஓடி நின்று ஓடுகிறதா? தாறுமாறாக இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது இதயத்தின் மேலறைகள் சீரில்லாமல் துடிக்கும் கோளாறாக இருக்கலாம். அதில் துடிப்பு சைனஸ் முனையிலிருந்து கிளம்புவதே இல்லை, அதனால் இந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை, போதாக்குறைக்கு இந்த மருந்தே அது வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். படபடப்பு திடீரென்று வந்தால் உடனே ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

நெல்லைவாசி

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன், இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரிகிறதாம், மிதக்கும் புள்ளி எதுவும் இல்லை. நாடி சீராக 62. கிளினிக்கில் பேசினேன், மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு இந்த வெள்ளிக்கிழமையே இசிஜியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். மலைக்கோட்டை அக்கா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அவர்களுக்கும் வந்து போய்விட்டது என்றதும்தான் முகம் தெளிந்தது, இட்லியோடு காலை மாத்திரையை எடுத்துக்கொண்டார். நேற்று விட்ட மாத்திரையையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்க வேண்டுமா?

மருந்துக்கடை அண்ணாச்சி

வேண்டவே வேண்டாம் தம்பி. விட்டது விட்டதுதான், அடுத்த வேளைக்கு உரிய ஒன்று மட்டும், சாப்பாட்டோடு. வெள்ளிக்கிழமை போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வாயுவுக்கு, மூட்டுவலிக்கு என்று தனியாக வாங்கி வைத்திருப்பதையும் சேர்த்து.