கட்-அவுட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

1950களின் பி.எஸ்.ஏ., நார்டன், மேட்ச்லெஸ் மோட்டார் சைக்கிள்களில் வந்த 6 வோல்ட் லூக்காஸ் டைனமோவுக்குப் பழுதுநீக்கக் குறிப்பு எழுதும்போது, புலச்சுருள், தூரிகை, திசைமாற்றி என்ற பாடநூல் சொற்களே போதும். இடறுவது கட்-அவுட் ஒன்றுதான்: டைனமோவைப் பேட்டரியோடு தானே இணைத்தும் பிரித்தும் விடும் உறுப்பு. லூக்காஸின் எம்.சி.ஆர்.2 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு மின்காந்தங்கள் தெரியும். ஒன்று மின்னழுத்தச் சீராக்கி, மற்றது கட்-அவுட். நம் பட்டறைகளிலோ முழுப் பெட்டிக்கும் கட்-அவுட் என்றே பெயர்.

பெயர் குழம்பினால் வேலையும் கெடும். சீராக்கியில் சேர்ந்து விலகும் முனைகளைச் சிலிக்கன் கார்பைடு தாளால் தேய்க்கலாம். கட்-அவுட் முனைகளில் அதுவோ எமரித் தாளோ படவே கூடாது. நுண்ணிய கண்ணாடித் தாளை ஒரு கீற்றாக நறுக்கி, முனைகளுக்கு நடுவே இழுத்து, பிறகு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் படிப்பவர் எதை எதனால் தேய்ப்பார்?

என் முன்மொழிவு: மின்மதகு. வாய்க்கால் நீர்மட்டம் ஏரியைவிட உயர்ந்தால் மதகைத் திறந்து ஏரியை நிரப்புகிறோம், தாழ்ந்தால் அடைக்கிறோம். கட்-அவுட் பேட்டரிக்குச் செய்வதும் அதுவே. டைனமோவின் அழுத்தம் 6.3 முதல் 6.7 வோல்ட்டுக்குள் வந்ததும் மெல்லிய கம்பிச் சுருள் முனைகளை இழுத்துச் சேர்க்கிறது. வேகம் குறைந்து மின்னோட்டம் பின்னோக்கித் திரும்பும்போது தடித்த கம்பிச் சுருள் அந்த இழுப்பை எதிர்க்கிறது. 4.8 முதல் 5.5 வோல்ட்டுக்குள் முனைகள் விட்டுவிடும்.

*

வணக்கம் ஐயா.

மதகு அழகான சொல், ஆனால் இங்கே ஆபத்தானது. மதகு திறந்தால் நீர் ஓடும். மின்சுற்று திறந்தால் ஓட்டம் நிற்கும். "மின்மதகு திறந்த நிலையில் இருக்கிறது" என்று எழுதினால், பள்ளியில் திறந்த சுற்று, மூடிய சுற்று படித்தவர் நேர் எதிராக எடுத்துக்கொள்வார். இன்ஜின் நின்றிருக்கும்போது, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல், அந்த முனைகளை விரலால் அழுத்திச் சேர்த்தால் பேட்டரி முழு வீச்சில் டைனமோவுக்குள் பாயும். முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம், கம்பியும் சுடும். சொல்லின் இரட்டைப் பொருளால் இது நடந்துவிடக் கூடாது.

"துண்டிப்பி" என்றும் ஓர் எண்ணம் வந்தது. அதை வீட்டு மின்பலகையின் பிரேக்கரோடு குழப்புவார்கள். அது தானாகத் திரும்பச் சேராது, இது ஒவ்வொரு முறையும் தானே சேரும். "தடுப்பி", ஓட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுக்குப் பொருந்தும். இன்று பலர் கட்-அவுட்டுக்குப் பதிலாக டையோடு வைத்த மின்னணுச் சீராக்கியைப் பழைய பெட்டிக்குள்ளேயே பொருத்துவதால், அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்பது நல்லது.

என் பரிந்துரை: பின்னோட்ட விலக்கி. வினைகள் சேர், விலகு. முனை சேர்ந்தது, முனை விலகியது. திற, மூடு இரண்டுமே வேண்டாம்.

*

ஏற்கிறேன். வினையையும் சேர்த்து முடிவு செய்தது சரி. சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று சோதனைப் பகுதியை எழுதிப் பார்த்தேன். பிழை இருந்தால் திருத்துங்கள்:

"டைனமோவின் டி (வெளியீடு), எஃப் (புலச்சுருள்) கம்பிகளைக் கழற்றி, டைனமோவிலுள்ள அந்த இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைக்கவும். அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, இன்ஜினை மெல்ல முடுக்கவும். முள் தடுமாறாமல் விரைவாக ஏற வேண்டும். 10 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. முள் அசையவே இல்லையெனில் தூரிகைகளைப் பார்க்கவும். அரை வோல்ட்டோடு நின்றால் புலச்சுருளையும், 1.5 முதல் 2 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் (சுழலும் சுருள்) ஐயப்படவும்.

டைனமோ நலமெனில் கம்பிகளைத் திரும்ப மாட்டி, பெட்டியின் டி, ஈ முனைகளுக்கிடையே அளக்கவும். அழுத்தம் 7 வோல்ட்டைத் தாண்டியும் அம்மீட்டர் முள் நகரவில்லையெனில், பின்னோட்ட விலக்கி சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அழுக்கு ஓட்டத்தை மறிக்கிறது. முதலில் ஈ முனையின் எர்த் இணைப்பு, பிறகு விலக்கியின் சேரும் முனைகளில் உள்ள அழுக்கு, கடைசியில் மெல்லிய சுருளின் அறுபடல் என்ற வரிசையில் பார்க்கவும். இன்ஜினை நிறுத்திய பின்னும் அம்மீட்டர் பெரிய மின்னிறக்கம் காட்டினால், விலக்கி விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். உடனே பேட்டரிக் கம்பியைக் கழற்றவும்."

கடைசி வரியில் "விலக்கி விலகாமல்" என்பது காதுக்கு உறுத்தினால் "முனை விலகாமல்" என்று மாற்றிவிடலாம். பட்டறைக்காரர்கள் தேடிக் கண்டுபிடிக்க, அகரவரிசையில் "கட்-அவுட்: பின்னோட்ட விலக்கி காண்க" என்ற பதிவையும் வைத்துவிடுகிறேன்.