எல்லை ஊர்களில் இருமொழித் திரைகளை ஒரே கோப்பில் வரைந்த அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர் எங்களுடையது. இரண்டு ஆண்டுகளாக, பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கான செயலியின் திரைகளை, பலர் ஒரே கோப்பில் சேர்ந்து திரை வரைய உதவும் ஃபிக்மா என்ற கருவியில் வடிவமைத்து வருகிறேன். விடியற்காலையில் பால் ஊற்ற வருபவர் தமது பாலின் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்), அன்றைய விலை ஆகியவற்றை ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும், அது தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுமே எங்களிடம் கேட்கப்பட்டவை. மலையாள மொழிபெயர்ப்பைப் பாலக்காட்டில் இருக்கும் ஒரு சேச்சியும், நிரல் எழுதும் வேலையைக் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். மூவரும் நேரில் சந்தித்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் ஒரே கோப்புக்குள் நடந்தது.

முதல் மாதத்தில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைகளை ஆங்கில மாதிரிச் சொற்களை வைத்தே வரைந்து முடித்துவிட்டு, மொழிபெயர்ப்பைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆங்கிலத்தில் ஆறே எழுத்துள்ள 'சப்மிட்' என்ற சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதியவுடன், கடைசி இரண்டு எழுத்துகள் பொத்தானுக்கு வெளியே போய் நின்றன. மலையாளத்தில் 'சமர்ப்பிக்குக' என்று வந்தபோதும் அதே கதிதான். ஏறத்தாழ நாற்பது திரைகளில் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்து அகலப்படுத்தினேன். மூன்று நாள் அதிலேயே போயிற்று.

அந்த மூன்று நாளுக்குப் பிறகுதான், உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவு தானாக மாறும் ஆட்டோ லேஅவுட்டை முறையாகக் கற்றுக்கொண்டேன். 2019 டிசம்பரிலேயே வந்துவிட்ட வசதி அது. சொல்லைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தினால் அதைச் சுற்றி ஒரு சட்டகம் அமைகிறது. அந்தச் சட்டகத்தின் அகலத்தை 'ஹக்' என்று வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் சொல் நீளும்போது பொத்தானும் கூடவே நீள்கிறது. 2023ஆம் ஆண்டில் குறைந்தபட்ச அகலம், அதிகபட்ச அகலம், இடம் போதாதபோது அடுத்த வரிக்கு மடிதல் ஆகியவையும் சேர்ந்தபின், மலையாளத்தில் நீண்டும் தமிழில் சுருங்கியும் வரும் சொற்களை ஒரே காம்போனென்டில், அதாவது பல திரைகளில் மீண்டும் பயன்படுத்தும் ஒரே உறுப்பில், அடக்க முடிந்தது. நம் மொழிகளில் திரை வரைபவர்கள் முதல் பொத்தானை வரையும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்ததாக, வேரியபிள்கள்: ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்து, பல இடங்களில் பயன்படுத்தும் வசதி. 2023 ஜூனில் இவை வந்தபோது பலரும் நிறங்களுக்காகவே பயன்படுத்தினார்கள். எங்களுக்கு இவற்றின் உண்மையான பயன் சொற்களில்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் ஒரு வேரியபிளாக வைத்து, அதற்குத் 'தமிழ்', 'மலையாளம்' என்று இரண்டு மோடுகளை, அதாவது இரண்டு மாற்று மதிப்புகளைக் கொடுத்தோம். சட்டகத்தின் மோடை மாற்றினால் போதும், 'மொத்தம்' இருந்த இடத்தில் 'ஆகெ' வந்துவிடும். 2024ஆம் ஆண்டில் எழுத்துருவையும் வரி உயரத்தையும்கூட வேரியபிளாக வைக்கும் வசதி வந்தது. அதன்பின் தமிழ் மோடில் முக்த மலர், மலையாள மோடில் மஞ்சரி என்று எழுத்துருவும் தானாகவே மாறத் தொடங்கியது. இலவசத் திட்டத்தில் ஒரு மோடுக்குமேல் வைக்க முடியாது என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்கு முன் நடந்த ஒன்றையும் பகிர விரும்புகிறேன். ஒரு மாலையில், பால் விலை கணக்கிடப்படும் முறையை விளக்கும் பத்தியை சேச்சி திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில், அவருடைய கர்சர் அங்கே நிற்பதைக் கவனிக்காமல் நானும் அதே பெட்டிக்குள் ஓர் எண்ணைத் திருத்தினேன். என் திருத்தம் நின்றது; அவர் எழுதிய இரண்டு வாக்கியங்கள் போய்விட்டன. பிறகுதான், இந்தக் கருவி கூட்டுத் திருத்தங்களை எப்படிக் கையாள்கிறது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான எவன் வாலஸ் 2019ஆம் ஆண்டில் எழுதிய விளக்கத்தைத் தேடிப் படித்தேன். ஒரே பொருளின் நிறத்தை ஒருவரும் அகலத்தை மற்றொருவரும் மாற்றினால் இரண்டு மாற்றங்களும் நிற்கும்; ஒரே பண்பை இருவர் மாற்றினால், சேவையகத்துக்குக் கடைசியாக வந்து சேரும் மாற்றம் நிற்கும். ஒரு பெட்டியில் உள்ள எழுத்து முழுவதும் ஒரே பண்பாகக் கொள்ளப்படுவதால், இருவர் எழுதியதும் கலந்து நிற்காது. ஒருவர் எழுதியது மட்டுமே மிஞ்சும். ஆவணம் எழுதும் செயலிகளில் இருவர் சேர்ந்து தட்டச்சு செய்து பழகிய நாங்கள், இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியது எங்கள் தவறு. அன்றிலிருந்து ஒரு பெட்டிக்கு ஒருவர் என்று விதி வகுத்துக்கொண்டோம். நீண்ட பத்திகளை வாக்கியம் வாக்கியமாகத் தனிப் பெட்டிகளாகப் பிரித்தோம். பெரிய திருத்தம் தொடங்குமுன் பதிப்பு வரலாற்றில் ஒரு பெயரிட்டுச் சேமிக்கிறோம். 'மலையாளத் திருத்தத்துக்கு முன்' என்று பெயரிருந்தால் தேடுவது எளிது. இலவசத் திட்டத்தில் முப்பது நாள் வரலாறு மட்டுமே கிடைக்கும்.

சங்கத்தில் பால் அளக்கும் அக்கா கோப்புக்குள் வந்த நாளைத்தான் நான் இந்த வேலையின் முக்கிய நாளாகக் கருதுகிறேன். அவருடைய கைபேசியில் ஃபிக்மா செயலியை நிறுவி, கணக்குத் தொடங்கிக் கொடுத்து, கமென்ட் இடுவதற்கு மட்டும் அனுமதி அளித்திருந்தோம். மறுநாள் காலை ஐந்தே முக்கால் மணிக்கு, 'சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தானின்மேல் ஒரு கமென்ட் இருந்தது. "இங்க 'பதிவு' போதும் சார். வரிசையில இருபது பேர் நிக்கிறப்ப இவ்வளவு பெரிய வார்த்தையை யார் படிக்கிறது?" அடுத்த கமென்ட், கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்புக்கும் இடையில் வரிசையை மாற்றச் சொன்னது. பாலைச் சோதிக்கும் கருவியில் எந்த வரிசையில் எண் தெரிகிறதோ அதே வரிசை திரையிலும் வேண்டும் என்றார். மூன்று வாரம் நாங்கள் மூவரும் பேசியும் எங்களுக்குத் தோன்றாதவை இவை.

திருத்தணியிலிருந்து:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் நிரல் எழுதுபவன். எங்கள் திருத்தணி 1960ஆம் ஆண்டில்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கில் நடக்கும். நகரிப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கான கூலிக் கணக்குச் செயலியில் வேலை செய்கிறேன். பாவு, ஊடை, பீஸ் கணக்கு எல்லாம் இரண்டு மொழிகளிலும் வர வேண்டும்.

நீங்கள் அகலத்தைப் பற்றி எழுதினீர்கள். எங்களுக்குத் தொல்லை கொடுத்தது உயரம். 'மொத்தம்' என்ற சொல் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றுதான். ஆனால் தெலுங்கில் இரண்டாவது தகரம் 'ஒத்து' எனப்படும் கீழெழுத்தாக முதல் தகரத்தின் கீழே தொங்கும். தமிழுக்கு அளவெடுத்த வரிசையில் தெலுங்கை இட்டபோது, சட்டகத்துக்கு வெளியே நீள்வதை மறைக்கும் 'கிளிப் கன்டென்ட்' இயங்கிக்கொண்டிருந்ததால் அந்த ஒத்து வெட்டுப்பட்டு, கூலிச் சீட்டில் 'மொதம்' என்று நின்றது. தறிக்காரர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, எழுத்தே தப்பாக இருக்கும்போது கணக்கு எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். இப்போது ஒவ்வொரு காம்போனென்டையும் மிக நெருக்கடியான தெலுங்குச் சொல்லை இட்டுத்தான் முதலில் சோதிக்கிறோம். அதில் நின்றால் தமிழிலும் நிற்கும்.

நிரலாளர் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு: நிரலாளர்களுக்கென்று ஃபிக்மாவில் 2023ஆம் ஆண்டில் அறிமுகமான டெவ் மோடு என்ற பார்வையில், 'நிரலுக்குத் தயார்' என்ற நிலைக்குறி இடப்பட்ட சட்டகங்களை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்பு, வடிவமைப்பாளர் இன்னும் வரைந்துகொண்டிருக்கும் திரையை முடிந்த திரை என்று எண்ணி நிரல் எழுதி, பிறகு அழித்த இரவுகள் உண்டு. குறியிட்டபின் திரை மாறினால், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து என்ன மாறியது என்று பார்க்க முடிகிறது.

ஃபிக்மாவின் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் பென்பாட் என்ற இதுபோன்ற கருவியைப் பார்க்கலாம். கட்டற்ற மென்பொருள், நம் சொந்தச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், நமக்கு வேண்டிய எழுத்துருவைக் குழுவுக்கென்று ஏற்றிக்கொள்ளலாம். 2024 ஏப்ரலில் வந்த இரண்டாம் பதிப்பில் வலைப்பக்க நிரலில் பொருள்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சி.எஸ்.எஸ் கிரிட் அமைப்பே திரை வரையும் இடத்தில் கிடைக்கிறது. நிரலில் நான் எழுதப்போகும் அமைப்பையே வடிவமைப்பாளரும் வரைகிறார் என்பதால், எங்களுக்குள் 'நான் சொன்னது இது இல்லை' என்ற பேச்சு வெகுவாகக் குறைந்தது.

செங்கோட்டையிலிருந்து:

நான் முப்பது ஆண்டுகளாக டி.டி.பி எனப்படும் கணினி அச்சுக்கோப்புத் தொழிலில் இருக்கிறேன். புனலூர்ப் பக்கம் மலையாள நோட்டீஸ்களும் இந்தப் பக்கம் தமிழ் நோட்டீஸ்களும் அடித்துப் பழகியவன், இப்போது செயலிகளுக்கு மொழிபெயர்த்துத் தருகிறேன். உங்களைப் போன்ற வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் வயதை ஒத்த மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து வரும் கோப்பு, யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலோ, மலையாளமாக இருந்தால் கார்த்திகா எழுத்துருவின் பழைய வகையிலோ இருக்கலாம். அதை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். முதன்முறை அப்படி வந்தபோது, நான் அனுப்பிய கோப்பே கெட்டுவிட்டது என்று எண்ணிய ஓர் இளைஞர் என்னை மறுபடியும் முழுவதையும் தட்டச்சு செய்யச் சொன்னார். நானும் விவரம் தெரியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்து செய்தேன். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகளில் இரண்டு நிமிட வேலை அது. மாற்றிய பின்பும் 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற இடங்களையும் கொம்பு வரும் 'கெ', 'கே', 'கொ', 'கோ' ஆகியவற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். வழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மீண்டும்:

ஐயா, நீங்கள் சொன்ன கொம்புப் பிழையால் நாங்களும் அல்லல்பட்டிருக்கிறோம்; இனி உங்கள் முறைப்படி பார்க்கிறோம். திருத்தணித் தம்பி, உயரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் மலையாள மோடைத் திறந்து பார்த்தேன். பதினாறு அளவு எழுத்துக்கு இருபது வரி உயரம் வைத்திருந்த இடங்களில் கூட்டெழுத்துகள் கீழ்வரியைத் தொட்டுக்கொண்டிருந்தன. இருபத்துநான்காக உயர்த்தி, சேச்சிக்கு அந்தச் சட்டகத்தின்மேல் ஒரு கமென்ட் இட்டிருக்கிறேன். தமிழ் மோடையும் அதே இருபத்துநான்குக்குக் கொண்டுவந்தால் விலைப்பட்டியலில் ஒரு வரிசை குறையும். அதை அக்கா ஏற்றுக்கொள்வாரா என்று நாளை விடிந்ததும் சங்கத்துக்கே போய்க் கேட்கப் போகிறேன்.