ஷாகுஹாச்சி ஜென் துறவிகளோட கருவியா, இல்ல சாமுராய்கள் கட்டுன கதையா?

மூங்கில்காடு:
நேத்து ஒருத்தர் ஷாகுஹாச்சி, அதான் ஜப்பான் மூங்கில் குழல், பழைய ஜென் தியானக் கருவின்னு எழுதியிருந்தார், உடனே ஏட்டுச்சுவடி வந்து மொத்தமும் கட்டுக்கதைன்னு ஒரே வரில முடிச்சுட்டார். அப்படி விட முடியாது சார். மூஞ்சியே தெரியாத அளவுக்கு கூடை மாதிரி ஒரு தொப்பிய கவுத்துக்கிட்டு தெருத்தெருவா ஊதி பிச்சை வாங்குன கோமுசோக்கள் இருந்தாங்களா இல்லையா? அவங்க அதை வாத்தியம்னே சொல்லல, தர்மக் கருவின்னாங்க, ஊதறதுக்கு சுய்சென்னு பேரு, அதாவது ஊதியே செய்யற தியானம். இது கதையா?

ஏட்டுச்சுவடி:
இருந்தாங்க, யார் இல்லைன்னா? நான் கட்டுக்கதைன்னது அவங்க சொல்லிக்கிட்ட வரலாற்றை. சீனாவுல தாங் காலத்துல ஃபுகேன்னு ஒரு துறவி மணிய ஆட்டிக்கிட்டே திரிஞ்சாராம், அந்த மணிச் சத்தத்தை ஒருத்தர் மூங்கில்ல ஊதிப் பிடிச்சாராம், 1254ல காகுஷின்னு ஒரு ஜப்பானியத் துறவி அதை ஜப்பானுக்கு கொண்டு வந்தாராம். இதை விரிவா சொல்ற கியோதாகு தென்கிங்கற புத்தகம் அச்சேறுனதே 1795ல சார், 500 வருஷம் கழிச்சு! அடுத்தது 1614ல ஜப்பானை ஆண்ட தொகுகவா இயேயாசு கொடுத்ததா சொல்ற சாசனம். கோமுசோ எந்த மாகாணத்துக்கும் தடையில்லாம போகலாம், சாமுராய் மட்டும்தான் சேரலாம்னு அதுல இருக்கு. மூலப்பிரதிய யாரும் காட்டுனதே இல்ல, இருக்கறதெல்லாம் நகல், ஒரு நகல்ல இருக்கற வாசகம் இன்னொன்னுல இல்ல. செகிகஹாரா, ஒசாகா சண்டைங்க முடிஞ்சு எஜமான் இல்லாம நின்ன சாமுராய்களுக்கு சோறும் வேணும் கௌரவமும் வேணும், அதுக்குத்தான் இந்த பேப்பர். 1930கள்ல இதையெல்லாம் தோண்டி எடுத்து போலின்னு எழுதுனவர் நாகாட்சுகா சிகுசென், அவரே ஷாகுஹாச்சி வாசிக்கறவர், எதிரி இல்ல.

காத்துவாரி:
ரெண்டு பேரும் ஆரம்பத்தையே விட்டுட்டீங்க. நாராவுல ஷோசோயின் களஞ்சியத்துல 8ஆம் நூற்றாண்டு ஷாகுஹாச்சி 8 இருக்கு, மூங்கில்ல மட்டுமில்ல, கல்லுலயும் யானைத் தந்தத்துலயும் கூட செஞ்சிருக்காங்க. அதுல 6 துளை, அரண்மனை இசைக்கு ஊதுனது, தியானத்துக்கு இல்ல. இப்ப இருக்கறதுல 5 துளைதான், முன்னாடி 4 பின்னாடி 1, நீளம் பழைய ஜப்பான் அளவுல 1 ஷாகு 8 சுன், கிட்டத்தட்ட 54.5 செ.மீ. அந்த ஷாகுவும் எட்டும் (ஹாச்சி) சேர்ந்துதான் பேரே வந்துச்சு.

மூங்கில்காடு:
நல்ல தகவல், நன்றி. ஏட்டுச்சுவடி சார், பத்திரம் போலின்னு நான் ஒத்துக்கறேன், அதுல சண்டை இல்ல. ஆனா பத்திரம் போலின்னா ஊதுனதும் போலியா? 1481ல செத்துப்போன இக்யூ ஜென் துறவி, அவர் ஷாகுஹாச்சி பத்தி கவிதையே எழுதியிருக்கார். கூடைத் தொப்பி வர்றதுக்கு முன்னாடியே பாயை முதுகுல கட்டிக்கிட்டு ஊதி பிச்சை எடுத்த கோமோசோக்கள் இருந்தாங்க, அவங்க சாமுராய் கிடையாது, சாசனமும் கிடையாது. அப்புறம் கோமுசோவான குரோசாவா கின்கோ (1710-1771) கோவில் கோவிலா பாடம் பண்ணி 36 உருப்படி சேர்த்தாரே, அதுக்கு எந்த கள்ளப் பத்திரம் தேவைப்பட்டுச்சு?

ஏட்டுச்சுவடி:
சேர்த்தார், ஆனா கோமுசோ இல்லாத சாதாரண ஜனங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். என் பாயின்ட்டே அதான். 1871ல மெய்ஜி அரசு கோமுசோக்களோட ஃபுகே பிரிவையே கலைச்சுடுச்சு, பிச்சையும் போச்சு சலுகையும் போச்சு, அன்னைக்கு தியானக் கருவியா மட்டும் இருந்திருந்தா குழல் அதோட செத்திருக்கும். இதை வாத்தியமா வாசிக்க விடுங்கன்னு அரசுகிட்ட மனு போட்டு காப்பாத்துனவங்க ஷாகுஹாச்சி கலைஞர்கள் அராகி கோதோவும் யோஷிதா இச்சோவும். கோட்டோ, ஷாமிசென்ங்கற தந்தி வாத்தியங்க கூட சேர்த்து வாசிச்சு குழல் பொழைச்சுது, 1896ல ஒசாகாவுல நாகாவோ தோசான் புதுசா ஒரு பள்ளியே தொடங்குனார், 1967ல நியூயார்க் பில்ஹார்மோனிக் கூட மேடை ஏறுச்சு. காப்பாத்துனது இசை.

காத்துவாரி:
நான் 3 வருஷமா கத்துக்கறேன், அதனால சொல்றேன். வாய்ப்பக்கம் சரிவா சீவின ஒரு விளிம்பு மட்டும்தான், முதல் ஒன்றரை மாசம் வெறும் காத்துதான் வந்துச்சு. எல்லா துளையும் மூடி ஊதற ரோ, அந்த ஒரே சுரத்தை தினம் 10 நிமிஷம் ஊதச் சொல்லுவாங்க. ஊதி முடிச்சு குழலைக் கவுத்தா அடில வேர்க்கட்டை வழியா மூச்சு தண்ணியா சொட்டும். அந்த 10 நிமிஷத்துல நான் பண்றது இசையா தியானமான்னு என்னால பிரிக்க முடியல.

மூங்கில்காடு:
இதத்தான் நான் சொல்லத் தெரியாம சொல்லிக்கிட்டிருந்தேன். ஏட்டுச்சுவடி சார், இன்னொன்னு. 1977ல வாயேஜர் விண்கலத்துல அனுப்புன தங்க இசைத்தட்டுல யமகுச்சி கோரோ வாசிச்சது போச்சே, கொக்கு கூடு கட்டற உருப்படி, அது கோட்டோ கூட வாசிக்கற கச்சேரிப் பாட்டு இல்ல, தனியா ஊதற பழைய வரிசைல வந்தது.

ஏட்டுச்சுவடி:
அதை வாசிச்சவர் கின்கோ வழி இசைக்கலைஞர், துறவி இல்ல. ஆனா உருப்படி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா உங்க பக்கம்தான், அதை மறுக்க மாட்டேன். பத்திரம் விஷயத்துல மட்டும் ஒரு இஞ்சு கூட நகர மாட்டேன்.