பெரியப்பா மகனுக்கு சைக்கிள் வந்தது, என் மகன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். என்ன செய்வது?

பாளை அம்மா:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. ஒரே காம்பவுண்டில் எங்கள் வீடும் அத்தான் வீடும், அத்தான் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். அத்தான் துபாயில் வேலை பார்க்கிறார், போன மாதம் லீவுக்கு வந்தவர் தன் மகனுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், என் பிள்ளைகளுக்குச் சட்டையும் கலர் பென்சிலும் கொண்டுவந்தார். மகன் அந்தப் பென்சில் டப்பாவை முற்றத்தில் எறிந்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இல்லை" என்று ராத்திரி சாப்பாட்டையே தள்ளிவிட்டான். அழுது அழுது முகம் வீங்கிப்போனதைப் பார்க்க முடியாமல் நாங்களும் அடுத்த வாரமே தவணையில் ஒரு சைக்கிள் எடுத்தோம். நாலு நாள் சந்தோஷம். ஐந்தாம் நாள், "அவனுடையதில் கியர் இருக்கு, இதில் இல்லை."

இப்போது கோயிலில் ஞாயிறு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் தங்கைக்குப் பரிசு கிடைத்தால்கூட முகம் சுருங்குகிறது. எனக்கு வலிப்பது என்னவென்றால், வகுப்பில் மனப்பாட வசனம் நன்றாகச் சொல்வதே அவன்தான். "பொறாமையோ எலும்புருக்கி" என்ற நீதிமொழிகள் 14:30-ஐத் தட்டாமல் சொல்கிறான். வாயில் இருப்பது மனதுக்குள் எப்படி இறங்கும்?

நாசரேத் டீச்சர்:

அம்மா, நான் ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பு எடுக்கிறேன். மனப்பாடம் மட்டும் போதாது என்பதை நானே மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பைபிளில் மத்தேயு 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், இயேசு சொன்ன திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவனுக்கும் ஒரு பணம். இதை நான் கதையாகச் சொல்வதை விட்டுவிட்டேன். முதலில் வந்த பிள்ளைகளை நாற்காலி அடுக்கவும் பாய் விரிக்கவும் வைப்பேன். எல்லாம் முடிந்தபின் வருகிறவர்களும் இருப்பார்களே, அவர்களுக்கும் அதே ஒரு கடலைமிட்டாய். உடனே கூச்சல். "டீச்சர், இது நியாயமே இல்லை!" நான் தடுப்பதில்லை, கத்தட்டும். ஓய்ந்தபின் ஒரே கேள்விதான்: "உனக்குத் தருவதாகச் சொன்னதில் ஏதாவது குறைந்ததா?" அந்த நேரத்து அமைதியை நீங்கள் பார்க்க வேண்டும். உங்கள் மகனின் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை, ஆனால் பிடுங்கியதுபோல வலிக்கிறது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே பகுதியில் தோட்டத்து எஜமான், நான் தயாளனாயிருப்பதால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா என்று கேட்கிறான். மூலமொழியான கிரேக்கத்திலும் உன் கண் பொல்லாததா என்றுதான் இருக்கிறது. நம்ம ஊரில் கண் போடுவது என்கிறோமே, அந்தக் கண்தான். அடுத்தவன் நம் பிள்ளைமேல் கண் போட்டுவிடுவானோ என்று பயப்படுகிறோம், நம் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

திசையன்விளை அப்பா:

அக்கா, மனது நோகச் சொல்லவில்லை, ஆனால் அந்த சைக்கிளை வாங்கியது தப்பு. அழுதால் கிடைக்கும் என்பதைவிட மோசமான பாடம் ஒன்று அதில் இருக்கிறது: அவன் வீட்டில் இருப்பது எல்லாம் நம் வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

நானும் இதில் விழுந்தவன்தான். எனக்கு இரண்டும் பையன்கள். சண்டை வரக்கூடாது என்று எல்லாவற்றையும் இரண்டாக வாங்கினேன், ஒரே நிறம், ஒரே விலை. பெரியவனுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தபோது சின்னவன் தனக்கும் கண்ணாடி வேண்டும் என்று அழுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. தேவைப்பட்டவனுக்குத் தேவையானது என்று அவர்களுக்கு நான் சொல்லியே கொடுக்கவில்லை, தராசைத்தான் கையில் கொடுத்திருக்கிறேன். இப்போது, "இது அவனுக்கு வேண்டியது, உனக்கு வேண்டியது வரும்போது உனக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முதல் சில மாதம் கஷ்டம், வீட்டில் நிறைய அழுகை.

இன்னொன்று. பைபிளில் யாக்கோபு தன் மகன்களில் யோசேப்பு ஒருத்தனுக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுத்தான், அண்ணன்மார் அவனைக் குழியில் தூக்கிப் போட்டார்கள். அண்ணன்மார் செய்தது பாவம்தான், ஆனால் அதற்கு விதை போட்டது அப்பா. "பெரியப்பா மகனைப் பாரு, எவ்வளவு மார்க்" என்று நாம் சொல்கிறோமா இல்லையா?

களக்காட்டுக்காரி:

ஒரு சின்ன வேண்டுகோள், வசனத்தைப் பிரம்பாக எடுக்காதீர்கள். பொறாமை பாவம் என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொன்னால் அவன் பொறாமையை விடமாட்டான், மறைக்கத்தான் பழகுவான். 73-ஆம் சங்கீதத்தில் ஆசாப் பொறாமை கொண்டேன் என்று தேவனிடமே வெளிப்படையாகச் சொல்லவில்லையா? ராத்திரி ஜெபத்தில் பிள்ளையும் அப்படியே சொல்லட்டும்.

பக்கத்து டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா, அயர்லாந்தில் சிறு பிள்ளையாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார்களாம். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பிற்பாடு இங்கே சேலை கட்டி நம் ஜனங்களோடு ஒருவராக நடமாட அந்தக் கண்ணே உதவியது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இதை என் மகளுக்குச் சொன்னேன். எனக்குப் பிடித்தது கதையின் முடிவு அல்ல, அந்தப் பிள்ளை தனக்கு வேண்டியதைக் கூசாமல் கேட்டது.

மெஞ்ஞானபுரம் ஆச்சி:

மக்களே, நான் பேரன் போனில் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான்.

எங்கள் அம்மை உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள், நம்ம சபைக் கோயிலுக்கு. வீட்டில் அரிசி குறைவான நாளிலும் போடுவாள். 1903-ல் நம்ம திருநெல்வேலி ஜனங்கள் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்துத் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்களே, இப்படிப்பட்ட ஏழைகளின் காணிக்கையும் அதற்குப் பலம். அந்தப் பானையில் அரிசி போடுவது எங்கள் வேலை, பிள்ளைகள் வேலை. தனக்குக் குறைகிறதே என்று அப்போது தோன்றவில்லை, கொடுக்கிற வீடு நாம் என்றுதான் தோன்றியது. பிள்ளையைக் கொடுக்கிற இடத்தில் நிற்க வை, தாயி. வாங்குகிற இடத்திலேயே நிற்கிறவனுக்குத்தான் அடுத்தவன் தட்டு பெரிதாகத் தெரியும்.

அடுத்து உங்கள் கோயிலில் அசனம், அதான் எல்லோருக்கும் போடுகிற விருந்து, எப்போது? அன்றைக்கு அவனை உட்கார வைக்காதே. இலை போடவும் தண்ணீர் ஊற்றவும் விடு. பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுவதை நின்று பார்க்கட்டும். பரிமாறுகிறவர்களுக்குக் கடைசிப் பந்தி, அதையும் முதலிலேயே சொல்லிவிடு.

பாளை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. சைக்கிள் விஷயத்தில் அண்ணன் சொன்னது உண்மை, நானும் இவரும் நேற்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஆனால் அவனுடையதுபோல என்று இனி எதையும் வாங்குவதில்லை என்று முடிவு.

நேற்று ராத்திரி ஜெபத்தில், உன் மனதில் இருப்பதை அப்படியே சொல்லு என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் அப்பா வந்தார், அதுதான்" என்றான். இவர் வேலைக்குச் சென்னை போய் மாதம் ஒருமுறைதான் வருகிறார். சைக்கிளுக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஆச்சி, எங்கள் கோயிலில் அசனம் அடுத்த மாதம். இவரும் அன்றைக்கு வருகிறார், அப்பாவும் மகனும் சேர்ந்து தண்ணீர் ஊற்றட்டும் என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டிருக்கிறேன். மகன் ஒன்றுதான் கேட்டான்: "கடைசிப் பந்தியில் கறி இருக்குமாம்மா?"