அட்டெயிண்டர்: ‘ஆளொறுப்புச் சட்டம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தியூடர், ஸ்டூவர்ட் அரச மரபினர் கால இங்கிலாந்தின் அரசியல் சொற்களைத் தொகுக்கும் இந்த இழையில் ‘அட்டெயிண்டர்’ (attainder) என்பதற்குத் ‘தண்டனைச் சட்டம்’, ‘பதவிப் பறிப்பு’, ‘குருதிக்கறை’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. முதலாவது, எல்லாருக்கும் பொதுவாக 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தையே நினைவூட்டும். அட்டெயிண்டரோ குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றவாளியாக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ‘பதவிப் பறிப்பு’ மிகவும் மென்மையானது. தலையே போகும் இடத்தில் பதவியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1540 ஏப்ரலில் எசெக்ஸ் ஏர்ல் (earl) என்ற உயர்குடிப் பட்டம் பெற்றார். ஜூன் 10 அன்று மன்னரின் ஆலோசனைக் குழு கூடியிருந்த இடத்திலேயே கைதானார். நீதிமன்ற விசாரணையே நடக்கவில்லை. அட்டெயிண்டர் நிறைவேறி, ஜூலை 28 அன்று, அதாவது ஹென்றி கேத்தரின் ஹோவர்டை மணந்த அதே நாளில், லண்டனின் டவர் ஹில்லில் அவர் தலை வெட்டப்பட்டது. முந்தைய ஆண்டு சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போல் மீது இதே ஆயுதம் பாய்ந்தபோது அதை ஏவியவர்களில் முதன்மையானவர் குரோம்வெல் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

‘குருதிக்கறை’ என்பது வாரிசுரிமை அற்றுப்போவதைச் சுட்டுகிறது. அது அட்டெயிண்டரின் விளைவுதானே தவிர, அட்டெயிண்டர் ஆகாது. அந்த விளைவையும் மன்னர் நினைத்தால் ஈடுசெய்ய முடிந்தது: தந்தையின் ஏர்ல் பட்டம் பறிபோன அதே ஆண்டு டிசம்பரில் மகன் கிரிகரிக்கு ஹென்றி புதிதாக ஒரு பாரன் (baron) பட்டம் வழங்கினார். ஆகவே ‘வழியுரிமை இழப்பு’ எனத் தனிச்சொல்லாக அதைப் பதிவுசெய்யலாம்.

நம் சொல்லில் ‘சட்டம்’ இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஸ்டிராஃபர்ட் ஏர்லின் முடிவே சான்று. முதலாம் சார்லஸின் வலக்கையாக இருந்த அவர் மீது 1641 மார்ச்சில் பிரபுக்கள் அவையில் இம்பீச்மென்ட் விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு ராஜத்துரோகம்; அது மன்னருக்கு எதிரான குற்றம். மன்னருக்காகவே உழைத்தவர் மீது அதை மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. எனவே மக்களவை அட்டெயிண்டர் மசோதாவுக்குத் தாவியது. இம்பீச்மென்டில் மக்களவை குற்றம் சாட்டும், பிரபுக்கள் தீர்ப்பளிப்பார்கள், மன்னருக்கு அங்கே வேலையில்லை. அட்டெயிண்டர் சட்டமாக இருந்ததால் மன்னரின் ஒப்புதல் தேவைப்பட்டது. உயிருக்கும் மானத்துக்கும் உடைமைக்கும் தீங்கு வராது என்று ஸ்டிராஃபர்டுக்குத் தம் கையாலேயே எழுதிக்கொடுத்திருந்த சார்லஸ், மே 10 அன்று ஒப்புதல் அளித்தார். மே 12 அன்று ஸ்டிராஃபர்ட் கொல்லப்பட்டார். இம்பீச்மென்ட், அட்டெயிண்டர் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் சார்லஸ் ஏன் சிக்கிக்கொண்டார் என்பதே வாசகருக்கு விளங்காது. (இம்பீச்மென்டுக்கு நம் நாளிதழ்கள் எழுதும் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ அக்காலத்துக்கு ஒத்துவராது; இலங்கை வழக்கான ‘குற்றப்பிரேரணை’யே மேல்.)

எனவே ‘ஆளொறுப்புச் சட்டம்’ என முன்மொழிகிறேன். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். குறளில் பயின்ற சொல். மசோதா நிலையில் ‘ஆளொறுப்பு மசோதா’, தண்டிக்கப்பட்டவர் ‘ஆளொறுப்புக்கு உள்ளானவர்’, ஸ்டிராஃபர்ட் மீதான சட்டம் 1662இல் ரத்தானது ‘ஆளொறுப்பு நீக்கம்’ எனத் தொடர்புச் சொற்களும் தடையின்றி அமைகின்றன. இத்தகைய சட்டத்தைத் தடைசெய்யும் அமெரிக்க அரசமைப்பை மொழிபெயர்ப்பவர்களுக்கும் இது பயன்படும். ‘ஒறுப்பு’ பள்ளி மாணவருக்குக் கடினம் என்று கருதுவோர், ‘தண்டனை’யை மீண்டும் கொண்டுவராத மாற்றுச் சொல் ஒன்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.